காளானும் களமும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அமர்வில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



‘சமூக ஆராய்ச்சி’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். நிலவுடைமை, இடஒதுக்கீடு, தேர்தல் ஆகியன பற்றி நாம் பேசப்போவதாகப் பலர் எண்ணியிருத்தல் கூடும். அவை பற்றிப் பேச நம்மினும் வல்லார் இம்மேடையிலேயே உளர். நாம் எடுத்துக்கொண்டவை மழைக்காலத்துக் காளானும், மாலைநேரத்து விளையாட்டும், கைப்பேசியில் நடைபெறும் போட்டியாட்டமும் ஆகும். சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறோம். அப்புன்னகையிலிருந்தே தொடங்குவோம். இன்னது ஆராயத்தக்கது, இன்னது அற்பம் என்று வகுத்தவர் யார்?

காளானையே முதலில் நோக்குவோம். மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டு, வெங்காயம் ஆகியவற்றோடு காளானையும் இருபிறப்பாளர் உண்ணலாகாது என்று விலக்குகிறது. 1927 டிசம்பர் 25ஆம் நாள் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எரிக்கப்பட்டதும் அந்நூலே. விலக்கப்பட்ட அப்பொருள் இன்று நகரத்து உணவகங்களில் காளான் பிரியாணியாகவும் மிளகாய்க் காளானாகவும் நல்ல விலைக்குப் போகிறது. உண்பவர் எவரும் பிராயச்சித்தம் செய்துகொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நம் ஊர்ப்புறங்களில் முதல் மழை பெய்து ஓய்ந்ததும் புற்றுக் காளான் தேடிச் செல்வோர் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமே. அக்காளானை மனிதர் பயிரிட இயலாது. புற்றின் உள்ளே கறையான்கள் தம் உணவுக்காக வளர்க்கும் பூசணமே, பருவம் வந்ததும் குடை விரித்து வெளியே வருகிறது. எந்தப் புற்றில், எந்த மாதத்தில், எத்தனை நாள் மழைக்குப்பின் அது வரும், எது நஞ்சு, எது உணவு என்னும் அறிவு நம் பாட்டிமாரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட பால் காளான் இரகத்திற்குப் பெயருண்டு, எண்ணுண்டு, வளர்ப்பு முறை நூலுண்டு. பாட்டியின் அறிவுக்கு ஒரு குறிப்பேடுகூட இல்லை.

அமெரிக்க நாட்டு மானிடவியல் பேராசிரியை அன்னா சிங் என்பார் ‘மட்சுடாக்கே’ என்னும் ஒரே ஒரு காளானைப் பின்தொடர்ந்து 2015இல் முழு நூல் ஒன்றை வெளியிட்டார். ஜப்பானியர் உயர்ந்த பரிசுப் பொருளாகக் கருதும் காளான் அது. அதையும் தோட்டத்தில் வளர்க்க முடிவதில்லை. மனிதர் வெட்டியும் எரித்தும் கலைத்த காடுகளில், பைன் மரத்தின் வேரோடு கூடி வளர்கிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலக் காடுகளில் அதைத் தேடியெடுப்போர் யார் எனின், வியத்நாம், லாவோஸ், கம்போடியா போர்களால் ஊரிழந்து வந்த ஏதிலியரும், அதே போரில் ஈடுபட்டுத் திரும்பிய முன்னாள் வீரர்கள் சிலரும் ஆவர். பகலெல்லாம் அலைந்து எடுத்ததை மாலையில் சாலையோரக் கூடாரங்களில் விலைபேசி விற்கின்றனர். அது வானூர்தியேறி ஜப்பான் சேர்ந்ததும், எடுத்தவர் கை மறைந்து கொடுப்பவர் பெருமை மட்டும் எஞ்சுகிறது. எடுப்பவர் யார், விலை வைப்பவர் யார், உண்பவர் யார், காடு யாருக்குச் சொந்தம் என்னும் நான்கு கேள்விகளை ஒரு காளானிடம் கேட்டார் அவ்வம்மையார். போரும் வாணிபமும் குடிபெயர்வும் விடையாக வந்தன. இவ்வாறு கேட்பதற்குப் பெயர்தான் சமூக ஆராய்ச்சி.

இனி விளையாட்டுக்கு வருவோம். இதில் சற்று நெடுநேரம் நிற்க விரும்புகிறோம்.

பல்வங்கர் பாலு என்னும் பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? ஐந்தாறு கைகளே உயர்கின்றன. 1876இல் பிறந்தவர். தோல் தொழிலைச் சார்ந்த சாமார் வகுப்பினர். சிறுவயதில் பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கழகம் ஒன்றில் திடலைக் கூட்டிப் பெருக்கி உருளை இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்னர் 1892இல் ஐரோப்பியரின் பூனா ஜிம்கானாவுக்கு மாறினார். அங்கே சம்பளம் 4 ரூபாய். பயிற்சி வலைகளை நாட்டுதல், ஆடுகளத்தைச் செப்பனிடுதல், துரைமார் மட்டைப் பயிற்சி செய்யும்போது அவர்களுக்குப் பந்து வீசுதல் ஆகியன அவர் பணிகள். இடக்கையால் அவர் சுழற்றிய பந்தை எதிர்கொள்ள வல்ல துரைகள் சிலரே. அவர்களுள் முதன்மையான கிரெய்க், தம்மை வீழ்த்தும்போதெல்லாம் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஆனால் மட்டையை மட்டும் அவர் கையில் எவரும் கொடுக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு, மட்டை பிடிப்பது உரிமை என்று அக்காலத்தார் கருதினர் போலும்.

ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்னும் ஆசை பூனாவின் இந்துக் கழகத்தாருக்கு இருந்தது. அவ்வாசைதான் பாலுவுக்குக் கதவைத் திறந்தது, கருணை திறக்கவில்லை. அணியில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். இடைவேளையிலோ அவருக்குத் தேநீர் வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில் வழங்கப்பட்டது. உணவு தனி இடத்தில். இங்கே ஒன்றை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. தோலைத் தொட்டதனால் தீட்டு என்று ஒரு மக்கட் கூட்டத்தையே ஒதுக்கியவர்கள், தோற்பந்தைப் பிடிக்கும்போது கை கூசவில்லை.

1896இல் பூனாவில் பிளேக் நோய் பரவிய பிறகு பாலு பம்பாய் சென்றார். 1906இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்ட வேறுபாட்டில் வென்ற ஆட்டத்தில் அவரும் அவர் தம்பி சிவராமும் ஆடினர். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது, அணி பல ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இளைஞரான அம்பேத்கர் அவரைப் பெரிதும் மதித்தார்.

இத்தனைக்குப் பின்னும் இந்து அணியின் தலைமைப் பொறுப்பு மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. ஆண்டுதோறும் கோரிக்கை எழுந்தது. ஆண்டுதோறும் வேறொருவர் அமர்த்தப்பட்டார். 1920இல் தம்பியர் சிவராமும் விட்டலும் பொறுமையிழந்து, காரணத்தைப் பொதுமக்களுக்கு அறிவித்துவிட்டு அணியிலிருந்து விலகினர். அதன்பின் 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டே அணி வென்றது. பாலு துடைப்பத்தோடு திடலுக்குள் நுழைந்த நாளிலிருந்து எண்ணினால், அக்குடும்பம் தலைமைக்கு வர முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. திடலுக்குள் அனுமதிப்பது வேறு, திடலில் கட்டளையிடும் அதிகாரம் தருவது வேறு. இவ்வேறுபாட்டை எந்த ஓட்டப் பட்டியலும் காட்டாது.

அவர் வரலாற்றில் நமக்கு இடறலான பகுதியையும் மறைத்தல் தகாது. 1932இல் பூனா ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர்களுள் பாலுவும் ஒருவர். 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு அவரை அண்ணலுக்கு எதிராகவே நிறுத்தியது. ஏறத்தாழ 2,000 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். இதனால் அவரை வெறுத்து ஒதுக்குவோர் உண்டு. இதை விழுங்கிவிட்டு அவரைப் போற்றுவோரும் உண்டு. இரண்டும் ஆய்வாளர்க்கு அழகன்று. 1955இல் மறைந்த அவரைப் பலரும் மறந்திருந்த நிலையில், 2002இல் இராமச்சந்திர குகா எழுதிய இந்தியக் கிரிக்கெட்டின் சமூக வரலாற்று நூல்தான் அவரை மீண்டும் பலர் அறியச் செய்தது. நம்மவர் ஒருவர் அதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்பே அவர் வீட்டு வாயிலில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தால், அந்தத் தேநீர்க் குவளையைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதை அவர் வாய்மொழியாகவே இன்று படித்திருக்கலாம்.

கடல் கடந்தும் இதே கதைதான். மேற்கிந்தியத் தீவுகளில் கறுப்பர்கள் பந்து வீசி, மட்டை பிடித்து, ஆட்டங்களை வென்று தந்தனர். ஒரு முழுத் தொடருக்கும் தலைமை ஏற்கும் வாய்ப்பு அவர்களுள் முதன்முதலாக பிராங்க் வொரலுக்குக் கிட்டியது 1960இல். அதற்காகத் தம் இதழில் ஓயாது எழுதிய டிரினிடாடைச் சேர்ந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ், 1963இல் விளையாட்டையும் சமுதாயத்தையும் இணைத்து எழுதிய நூல் இன்றளவும் இத்துறையின் முதல் நூலாகப் போற்றப்படுகிறது.

அண்மைச் செய்தி ஒன்று. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா ஆடினார். நகரின் நடுவே குடியிருந்த ஏழை மக்களைக் கொண்டுபோய் ஓரத்தில் குடியமர்த்திய பகுதி அது. நாம் கைதட்டினோம், தட்டியது சரியே. ஆராய்ச்சி மாணவரோ கைதட்டிய பின் கேட்பார்: பயிற்சிக்கு இடம் எங்கே கிடைத்தது? மாலைநேரத்து வீட்டு வேலையை யார் ஏற்றுக்கொண்டு அப்பெண்ணை ஆட விட்டார்கள்? அவளோடு ஆடத் தொடங்கி, நடுவிலே நின்றுபோன பெண்கள் எத்தனை பேர்?

கைப்பேசி ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். பெற்றோர் சினத்திற்கு நாமும் உடன்படுகிறோம். விடிய விடிய விழித்துவிட்டு வகுப்பில் உறங்கும் மாணவரை நாள்தோறும் காண்பவர்கள் நாம். எனினும் சினம் ஆராய்ச்சி ஆகாது. தென்கொரியாவில் 1997ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கணினிக் கூடங்கள் தெருவெங்கும் பெருகின. வேலையற்ற இளைஞர்க்கு மலிவான பொழுதுபோக்கிடம் அவை. 1998இல் வெளிவந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் ஆட்டம் அங்கே வேரூன்றிற்று. 2000இல் அதற்கென்று சங்கமே அமைந்துவிட்டது. 2023இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுக்குப் பதக்கமும் தரப்பட்டது. இந்தியாவில் 2025இல் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டத்தைத் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து ஏற்றது. ஆகவே மகன் ஆடுகிறானா என்று மட்டும் கேளாமல், எதை ஆடுகிறான், பணம் வைத்து ஆடினானா என்றும் பெற்றோர் கேட்டறிதல் வேண்டும். ஒரே கைப்பேசியைச் சுற்றி நால்வர் அமர்ந்து ஆடும் நம் தெருவில், கைப்பேசி யாருடையதோ அவனே அணித்தலைவன் ஆகிறான். பாலுவின் கதையை நினைவில் வைத்து இதை நோக்குங்கள்.

இப்போது நம் வீட்டுச் செய்தி. சங்க விடுதிக்குப் பின்னாலுள்ள திடலில் புதிய படிப்பகக் கட்டடம் எழுப்பலாம் என்னும் யோசனை செயற்குழுவின் முன் உள்ளது. நோக்கம் உயர்ந்தது. பிள்ளைகள் படிக்க இடமின்றித் தெருவிளக்கடியில் அமர்ந்த காலத்தை மறவாத பெரியோர்களே அதனை முன்மொழிந்துள்ளனர். ஆயினும் நமது கருத்து வேறு. இருக்கும் கட்டடத்தின்மேல் மாடி எழுப்பலாம்; திடலின்மேல் திடல் எழுப்ப இயலாது. பாலு பெருக்கிய திடல் பிறருடையது. அவர் எத்தனை விக்கெட் வீழ்த்தினாலும் கதவைத் திறப்பதும் அடைப்பதும் பிறர் கையில் இருந்தன. நம் பிள்ளைகள் எவரிடமும் அனுமதி கேளாது கால் வைக்கக்கூடிய நிலம், நம் ஊரில் அந்த ஒன்றே.

பெரியோர்கள் நமது சொல்லை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டியதில்லை. திடலை யாரும் பயன்படுத்துவதில்லை என்று ஒரு சாராரும், எல்லாரும் பயன்படுத்துகின்றனர் என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். இருசாராரும் எண்ணிப் பார்த்தவர் அல்லர். எனவே, கல்லூரி மாணவர் நால்வர் முன்வருக. ஆறு வாரம், நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஒருமணி நேரம் திடலருகே இருந்து எழுதுங்கள். எத்தனை பேர் ஆடினர், என்ன ஆடினர், எந்தத் தெருவினர், பெண்பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் ஆடினார்களா அல்லது ஓரமாக நின்று பார்த்தார்களா, அணியைப் பிரித்தவர் யார், கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை எவன், விளக்கு இல்லாமையால் எப்போது கலைந்தனர் என்பன யாவும் வேண்டும். கண்டதை மட்டும் எழுதுக, கருதியதை எழுதற்க. நமக்கு மாறான விடை வரினும் அதை அப்படியே செயலாளர் அவர்களிடம் ஒப்படையுங்கள். மழை தொடங்கிவிட்டபடியால், திடலின் மேற்கோரத்துப் புற்றில் காளான் வருகிறதா, யார் வந்து எடுக்கிறார்கள் என்பதையும் பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைக்கலாம்.

குறிப்பேடுகள் நான்கு வாங்கி வந்துள்ளோம். கூட்டம் முடிந்ததும் மேடையருகே வந்து பெற்றுக்கொள்ளுங்கள்.