அலையின் மீது விரைதல்



பலாங்கொடையின் ஊடாகச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை, வெல்லவாய, மொனராகலை வழியே பொத்துவிலை அடைகின்றது. அங்கிருந்து சற்றுத் தெற்கே அறுகம் குடா. மே முதல் ஒக்டோபர் வரை, இந்து சமுத்திரத்தின் தென்பாகத்துப் புயல்கள் எழுப்பிய நெடிய அலைகள், பல்லாயிரம் கிலோமீற்றர் கடந்து அங்குள்ள முனையை வந்தடைகின்றன. அம்முனையில் அலை முழுவதும் ஒருங்கே உடைவதில்லை. ஒரு நுனியில் தொடங்கி, சீலையைக் கிழித்தாற்போல, வரிசையாக உடைந்து செல்லும். அவ்வுடைப்புக்கு முன்னே பலகை மீது நின்று ஓடுவதே அலைச்சறுக்கு.

வேகம் எங்கிருந்து வருகின்றது? கைவலிமையினால் என்று நம் மாணவர் சொல்வர். கைவலிமை அலையைப் பிடிப்பதற்கே. அதன்பின் வேகம் தருவது சரிவு. நமது தேயிலை மலைச் சரிவு அசையாது நிற்பது. அலையின் சரிவோ நகர்வது. அதில் நீர் ஓயாது மேலேறிக்கொண்டிருப்பது. ஆகவே இறங்கியவர் மீண்டும் உயரம் பெறலாம். இரண்டு மீற்றர் ஆழத்தில் அலை மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர் வேகத்திற் கரைநோக்கி நகரும். அதனோடு பக்கவாட்டிலும் ஓடுபவர் அதனினும் விரைந்தாக வேண்டும் அன்றோ?

சரிவு மிகச் செங்குத்தாயிருக்கும் இடம், நுரைக்கு அருகேயுள்ள மடிப்பு. புதியவரோ நுரைக்கு அஞ்சி, தொலைவிலுள்ள தட்டையான தோட்பகுதிக்கு ஓடுகின்றார். அங்கே சரிவில்லை, வேகம் தளர்கின்றது, அலை அவரை விட்டுவிட்டுப் போய்விடுகின்றது. நேரே கரைநோக்கி இறங்குபவரை அஞ்சிய நுரையே வந்து மூடுகின்றது. அச்சம் இழைக்கும் தீங்கு இது.

தேர்ந்தவர் மடிப்பை ஒட்டியே, அலைமுகத்தின் மேற்பாதியில் நிற்பார். இறங்கும்போது முழங்காலை மடித்து, முன்காலில் பாரத்தை வைப்பார். அடியை அடையுமுன் பலகையின் விளிம்பை நீரில் அழுத்தித் திருப்பி, ஏறும்போது உடலை நிமிர்த்திப் பாரத்தை இலேசாக்குவார். ஏறுவதும் இறங்குவதுமாகிய இவ்வசைவு வேகத்தைப் பெருக்கும். பின்காலில் மிகச் சாய்வது தடைபோடுவதற்கு ஒப்பாகும். பார்வை பலகையின் மூக்கில் அன்று, செல்லும் திசையிலேயே இருத்தல் வேண்டும்.

மலைநாட்டுப் பெற்றோருக்கு ஒரு சொல். ஓடையிற் குளித்த பழக்கம் கடலுக்குப் போதாது. காலிற் பிணைத்த கயிறு அறுந்தால் பலகை போய்விடும். பின்னர் நீச்சலே துணை. பெரிய முனையின் அடியில் பாறையும் உண்டு. நீந்த அறிந்த பிள்ளையும், 'பேபி பொயிண்ட்' என வழங்கும் சிற்றலைப் பகுதியில், பயிற்றுநர் அருகிருக்க, உடைந்த நுரையில் எழுந்து நிற்பதை முதலிற் பழகட்டும்.