லேக் வியூ மனை: அந்தக் காட்சி யாருக்குச் சொந்தம்?

வாரம் முழுக்க ஸ்க்ரீனையே பார்த்துட்டு, சனிக்கிழமை ஆனா "சிட்டிக்கு வெளிய ஒரு மனை வாங்கிப் போடலாமா"ன்னு யோசிக்கிறவங்களுக்கான எபிசோடு இது. உத்திரமேரூர் மாதிரி ஏரிகள் நிறைந்த பக்கம் போனா, "லேக் வியூ"ன்னு ரெண்டு வார்த்தை சேர்ந்ததும் மனை விலை ஏறிடும். அந்தக் கூடுதல் காசுக்கு நீங்க உண்மையில என்ன வாங்குறீங்க?

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். வீடு கட்டி முடிச்சாச்சு. மாடியில நின்னா ஏரி தெரியுது. மூணு வருஷம் கழிச்சு முன்மனைக்காரர் ரெண்டு மாடி எழுப்புறார். ஏரி மறைஞ்சு போச்சு. கேஸ் போட்டா நிக்குமா?

பெரும்பாலும் நிக்காது. 1882-ம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. வக்கீல்கள் ஈஸ்மென்ட்ஸ் ஆக்ட்னு சொல்வாங்க. ஒரு கட்டடத்துக்கு 20 வருஷம் தடையில்லாம வெளிச்சமும் காத்தும் வந்திருந்தா, அது உரிமையா மாறும்னு அதோட 15-வது பிரிவு சொல்லுது. காட்சிக்கு அந்த இடம் இல்ல. இந்தப் பார்வை ரொம்பப் பழசு. வெளிச்சம் தேவை, அழகான காட்சி வெறும் இன்பம்னு 1610-லயே இங்கிலாந்துல, ஆல்ட்ரெட் வழக்குல, பிரிச்சுட்டாங்க.

சரி, கட்டட விதிகள்? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இருக்கு. உயரம், செட்பேக், எஃப்.எஸ்.ஐ. எல்லாத்துக்கும் அதுல அளவு உண்டு. முன்மனைக்காரர் அந்த அளவுக்குள்ள கட்டினா, உங்க ஏரி மறையுதேங்கிறதுக்காக யாரும் அவரை நிறுத்தப் போறதில்ல. வெளிநாட்டுல காட்சியைக் காக்கிற விதிகள் உண்டு. லண்டன்ல செயின்ட் பால்ஸ் தேவாலயம் மறையக்கூடாதுன்னு 1938-லிருந்து உயரக் கட்டுப்பாடு. வான்கூவர்ல மலை தெரியணும்னு 1989-லிருந்து. ஆனா அதெல்லாம் பொது இடத்துல நின்னு ஊரே பார்க்கிற காட்சிக்கு. தனி வீட்டு ஜன்னலுக்கு அங்கயும் அந்தப் பாதுகாப்பு இல்ல.

இப்போ நம்ம ஏரிக்கு வருவோம். இது சினிமா பாட்டுல வர்ற லேக் இல்ல. நிலம் சரியுற பக்கம் பிறை மாதிரி மண்கரை போட்டு, வர்ற மழைத்தண்ணியைத் தேக்குறது. கரையில மதகு, கரைக்குக் கீழ ஆயக்கட்டு வயல். அந்த வயலைப் பிரிச்சுப் போட்ட மனையில நின்னா கண்ணுக்குத் தெரியுறது கரைதான். தண்ணி தெரியணும்னா எதிர்ப்பக்கம் போகணும். அங்க கரையே கிடையாது. ஏரி நிரம்ப நிரம்ப, தண்ணி மேல ஏறி வரும். மே மாசம் புல்வெளியா இருக்கிற இடம் கார்த்திகையில ஏரி. ஆக, வியூ எவ்வளவு நல்லா இருக்கோ, உங்க மனை அவ்வளவு ஏரிக்குள்ள இருக்க வாய்ப்பு.

உத்திரமேரூர்னாலே குடவோலை முறை ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கிற முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ம் வருஷத்தவை. அந்த ஓலை எதுக்குன்னு பார்த்தா, ஏரி வாரியத்துக்கும்தான். ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. முன்னாடி பொறுப்புல இருந்து கணக்கு காட்டாதவங்க மறுபடி வர முடியாது. அவங்க நெருங்கின உறவுக்காரங்களுக்கும் அதே தடை. ஏரியை யார் பார்க்கலாம்னு அந்த ஊர் விதி எழுதல, யார் பார்த்துக்கணும்னு எழுதிச்சு. 2007-ல வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் அதே வழிதான். ஏரியை அளந்து எல்லை குறிச்சு, நோட்டீஸ் கொடுத்து, ஆக்கிரமிப்பை எடுக்க அது அதிகாரம் கொடுக்குது.

அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு வேலை.

ஒண்ணு, சர்வே நம்பரை வெச்சு எஃப்.எம்.பி. வரைபடமும் அ-பதிவேடும் எடுங்க. உங்க மனைக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கிறது பட்டா நிலமா, ஏரிப் புறம்போக்கா? பட்டான்னா இன்னைக்கு இல்லாட்டியும் நாளைக்கு அங்க வீடு வரும். உங்க மனையே பழைய பதிவுல ஏரின்னு இருந்தா, அப்படியே திரும்பி வந்துடுங்க.

ரெண்டு, நவம்பர் மாசம் ஒருநாள் மழைக்கப்புறம் போய்ப் பாருங்க. ஏரி கலங்கல் வழிஞ்சு ஓடும்போது தண்ணி எது வரைக்கும் நிக்குதுன்னு பக்கத்து வயல்காரர்கிட்ட கேளுங்க. புரோக்கர் காட்டுற ட்ரோன் வீடியோ பெரும்பாலும் வெயில் நாள்ல எடுத்ததா இருக்கும்.

மூணு, காட்சி வேணும்தான்னு முடிவு பண்ணா, முன்மனைக்காரரோட உட்கார்ந்து பேசுங்க. இந்த உயரத்துக்கு மேல கட்டமாட்டேன்னு எழுதி, பதிவு பண்ணிக்கலாம். அதுக்கு அவர் காசு கேட்டா, அது நியாயம்தான். அந்த மனையைப் பின்னாடி வாங்குறவர், இந்த ஒப்பந்தம் தெரிஞ்சே வாங்கினா அவரையும் அது கட்டுப்படுத்தும். சொத்து மாற்றுச் சட்டம் 40-வது பிரிவுல அதுக்கு வழி இருக்கு. வாய்ப்பேச்சா வெச்சுக்கிட்டா, அவர் மனையை வித்த அன்னைக்கே அது முடிஞ்சிடும்.

எதிர்வீடு மறைக்க முடியாத இடம் ஒண்ணு இருக்கு, ஏரிக்கரை. சாயங்காலம் அது மேல நடந்தா, ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயல். பத்திரமும் வேண்டாம், இ.எம்.ஐ.யும் வேண்டாம். அந்தக் கரை உடையாம இருக்கான்னு மட்டும் நாம எல்லாரும் பார்த்துக்கணும்.

மனை பார்த்துட்டு இருக்கிற ஃபிரெண்டு யாராவது இருந்தா இதை அனுப்பி வைங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.