சிறிய கணிப்பொறி வாங்குவதைப் பற்றி

(நாமக்கல்லில் நம் சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



லாரியும் கோழிப்பண்ணையும் நடத்தும் நம்மவர்க்குக் கணிப்பொறி இப்பொழுது கணக்குப்பிள்ளையின் ஸ்தானத்தில் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யும், 2018 ஏப்ரலில் ஈ-வே பில்லும் வந்த பின்னர் அஃதின்றிச் சரக்கு நகர்வது அரிதாயிற்று. ஆயினும் இவ்வேலைக்குப் பெரும் பெட்டி வேண்டுவதில்லை. தடித்த புத்தகமளவுள்ள சிறு பெட்டியே போதும். 8 ஜி.பி. ராமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் கேட்டு வாங்குக. பின்னர் ராமைக் கூட்ட இடமுண்டா என்பதைத் திறந்து காட்டச் சொல்லுதல் நலம்.

மலிவென்று பழம்பெட்டி வாங்குவோரைக் கண்டு வருந்துகிறோம். நாமும் அவ்வாறு ஏமாந்தவர்களே. ஒரு கடையில் இண்டெல் ஆறாந் தலைமுறைப் பெட்டியொன்றை வாங்கினோம். விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோஸாப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திற்று. விண்டோஸ் 11-க்கோ பெரும்பாலும் எட்டாந் தலைமுறையும், டி.பி.எம். 2.0-உம் வேண்டும். அப்பெட்டியில் பாங்குக் கணக்கைத் திறக்க இன்று அஞ்சுகிறோம். லினக்ஸ் இலவசந்தான், டாலியில் கணக்கெழுதுவோர்க்கு அது எளிதன்று.

மற்றொன்று. சிறு பெட்டியில் பாட்டரி இல்லை. கரண்டு நின்றால் பாதி எழுதிய கணக்கும் போம், ஆதலால் யு.பி.எஸ்.ஸுக்கும் பணம் ஒதுக்குக. தீவனத் தூசி விழும் மேஜைமீது வையாமல், திரைக்குப் பின்னே மாட்டிவிடலாம்.