நோயாளியின் மானம்



வைத்தியரிடமும் வக்கீலிடமும் எதையும் ஒளிக்கலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவ்வறிவுரைக்கு மறுபாதி ஒன்று உண்டு. நோயாளி ஒளிக்கலாகாதென்றால், அவரிடம் கண்டதையும் கேட்டதையும் பிறர் அறியாமற் காப்பது மருத்துவமனையின் கடமையாகும்.

இக்கடமை பழமையானது. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. சிகிச்சையில் அறிந்தவற்றுள் வெளியிடத் தகாததை வெளியிடேன் என்பது அதன் ஒரு கூறு. அக்காலத்தில் நாவைக் காத்தாற் போதும். இன்றோ ஒவ்வொருவர் பையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் கேமரா இருக்கிறது. சொன்ன சொல் மறக்கப்படலாம். எடுத்த படம் ஊர் ஊராய்ச் செல்லும்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில், அபூர்வ நோயுற்று மருத்துவமனையில் இருந்த ஒரு பெண்மணியை, அவர் வேண்டாமென்று மறுத்தும், பத்திரிகைக்காரர்கள் படமெடுத்தனர். படம் பெயருடன் வெளிவந்தது. அவர் வழக்காடினார். 1942-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நோயைப் பற்றி உலகுக்குச் சொல்லலாம்; அதற்கு நோயாளியின் பெயரும் முகமும் தேவையில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

அங்கே படமெடுத்தவர்கள் அயலார். மருத்துவமனைப் பணியாளரே அதைச் செய்தால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். நோயாளி தம் உடலை அவர்முன் திறந்து காட்டுவது குணமடைவதற்காக. அந்த அனுமதி கண்ணுக்குரியது, கருவிக்குரியதன்று.

அப்படியாயின் மருத்துவமனையில் படமே எடுக்கலாகாதா? எடுக்கலாம். புண் ஆறுவதை ஒப்பிடவும், மாணாக்கருக்குக் கற்பிக்கவும் படம் உதவும். ஆனால் எதற்கென்று விளக்கி, நோயாளியின் இசைவு பெற்று, மருத்துவமனைப் பதிவேட்டில் வைக்க வேண்டும். பணியாளரின் சொந்தக் கைப்பேசி அதற்குரிய இடமன்று. வைத்தியம் நின்றுவிடுமோ என்று அஞ்சித் தலையசைப்பது இசைவாகாது. நினைவிழந்தவர் மறுக்கவும் இயலாதவர். அவரைக் காக்கும் பொறுப்பு இருமடங்கு. கண்களை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பதும் போதாது. ஒரு தழும்பு, பச்சை குத்திய பெயர், கட்டிலருகே தொங்கும் சீட்டு ஆகியவற்றுள் ஒன்றே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்திய மருத்துவக் குழு 2002-இல் வகுத்த நெறிமுறைகள், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அவர் அனுமதியின்றி இதழ்களில் வெளியிடலாகாது என்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

சட்டத்தினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஒருவரது படம் வெளியே உலவினால், அதைக் கண்ட பத்துப் பேர் தம் நோயை மறைப்பர். மார்பில் கட்டி கண்ட பெண் நாணி வாளாவிருப்பாள். காசநோயாளி இருமலை அடக்கிக்கொண்டு திரிவார். அவர்கள் மருத்துவமனைக்கு வரும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே மானத்தைக் காப்பது உயிரைக் காப்பதன் ஒரு பகுதியே.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் விளங்குவீர்கள். மற்றையோர் நோயாளியைக் காணவேனும் அங்குச் செல்வீர்கள். உறவினரைப் படமெடுக்கும்போது அடுத்த கட்டிலில் இருப்பவரும் அதில் விழுவார் என்பதை மறவாதீர்கள். படுத்திருப்பவர் நம் தாயாயின் இப்படத்தை ஊரார் காண ஒப்புவோமா என்று ஒரு கணம் எண்ணுங்கள். கை தானே தாழும்.