ஆற்றைக் கடந்தால் உரிமை மாறுமா?

(தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சமஷ்டி என்றதும் மத்திய அரசுக்கு எவ்வளவு அதிகாரம், மாநிலத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்றுதான் நாம் பேசுகிறோம். ஒரு மாநிலத்துக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் இடையே சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. வேலை தேடி எல்லை தாண்டும் தொழிலாளிக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

இந்தியாவைப் பார்ப்போம். அங்கே ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்குக் கட்டளையிட முடியாது. பிணக்கு வந்தால், அரசியலமைப்பின் 131ஆம் உறுப்புரைப்படி நேரே உச்ச நீதிமன்றம் போகலாம். ஆற்றுநீர்ப் பிணக்கென்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி நடுவர் மன்றம் உண்டு. காவிரிக்கு அப்படியொரு மன்றம் 1990இல் அமைந்தது. 2007இல் அது இறுதித் தீர்ப்புச் சொன்னது. 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்து வைத்தது.

261ஆம் உறுப்புரைப்படி, ஒரு மாநிலத்தின் அரச பதிவுகளுக்கும் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கும் நாடு முழுவதும் மதிப்புண்டு. சிவில் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பை எங்கும் நிறைவேற்றலாம். பணம் கொடுக்க வேண்டியவர் எல்லை தாண்டித் தப்ப முடியாது. 19ஆம் உறுப்புரைப்படி குடிமக்கள் எந்த மாநிலத்திலும் போய்க் குடியேறலாம்.

ஆனால், ஆள் போனால் உரிமையும் கூடவே போகுமா?

நம்மைப் போன்ற தேயிலைத் தொழிலாளரையே எடுத்துக்கொள்வோம். சோட்டா நாக்பூர் பக்கமிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் சந்தால், முண்டா, ஒராவோன் மக்களைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். மேற்கு வங்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் பட்டியல் பழங்குடியினர். கல்வியிலும் அரச வேலையிலும் அவர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. சங்கோஷ் ஆற்றுக்கு அப்பால் அஸ்ஸாமில் அதே இனத்தவர், அதே கொழுந்தைப் பறிப்பவர்கள். அங்கே அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. காரணம், பட்டியல் மாநிலவாரியாக எழுதப்பட்டது. ஒரு மாநிலத்தில் உள்ள பழங்குடித் தகுதியை இன்னொரு மாநிலத்தில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1990இல் சொல்லிவிட்டது. பட்டியலைத் திருத்தப் பாராளுமன்றத்தால் மட்டுமே முடியும். அதற்காக அந்தத் தொழிலாளர் இன்னமும் போராடுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. முன்பு ரேஷன் அட்டை சொந்த ஊரில்தான் செல்லும். வேறு மாநிலம் போன கூலித் தொழிலாளி அரிசியைக் கடையில் முழு விலைக்கு வாங்கினார். 2019இல் தொடங்கிய ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் 2022 ஜூனில் கடைசியாக அஸ்ஸாமும் சேர்ந்தது. இப்போது எந்த மாநிலத்திலும் அந்த அட்டைக்குத் தானியம் வாங்கலாம். எல்லைகள் அப்படியே இருக்கின்றன. உரிமை மட்டும் ஆளோடு நடக்கிறது.

தோழர்களே, நம் மக்கள் மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் பரந்து வாழ்கிறார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அனேகம். அதிகாரப் பகிர்வு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த அதிகாரம் மாகாணத்துக்கு வரும்? மாகாணம் மாறினால் எந்த உரிமை நம்மோடு வரும்? இரண்டாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அஸ்ஸாம் தோட்டங்களே சாட்சி.