“அஞ்சு ஸ்டார் போடுங்க சார்”



‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது.’ நம் ஊர்க் கடைத்தெருவில் நடந்தால் இந்தப் பலகை கண்ணில் படாமல் போகாது. அல்வாக் கடையில் இருக்கும், பட்டுச் சேலைக் கடையில் இருக்கும், நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கும். படிக்கும்போது கடைக்காரரின் பெருமை மாதிரித் தெரியும். எனக்கென்னவோ அதில் பயம்தான் தெரிகிறது. முப்பது நாற்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பேரை, அடுத்த தெருவில் எவனோ அதே பேரில் கடை போட்டு ஒரே மாதத்தில் கெடுத்துவிடுவானே என்ற பயம். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடைக்கு அந்தப் பேரை வைத்ததே வாங்க வந்தவர்கள்தான். மங்கலான விளக்கு வெளிச்சத்தில் சாயங்கால வியாபாரம். சனங்கள் அப்படியே கூப்பிட்டார்கள், நிலைத்துவிட்டது. பிறகு எத்தனை பேர் அந்தப் பேரைக் கடன் வாங்கிப் பலகை மாட்டினார்கள் என்பது அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

கடையின் பேர் அன்றைக்கு ஊர் வாயில் இருந்தது. இன்றைக்கு அது ஓர் எண். நாலு புள்ளி இரண்டு, மூன்று புள்ளி ஒன்பது என்று போனில் தெரிகிற எண். புது ஊரில் பசியோடு பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் முன்பெல்லாம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், ‘அண்ணே, இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?’ என்று கேட்பார். இப்போது போனை எடுத்துப் பார்க்கிறார். அதனால்தான் கல்லாப்பெட்டி மேல் பணம் அனுப்புகிற க்யூஆர் அட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு அட்டையும் முளைத்திருக்கிறது. பில் கொடுக்கும் தம்பி அதைச் சுட்டிக்காட்டி, ‘அஞ்சு ஸ்டார் போடுங்க சார்’ என்கிறார். அந்த அஞ்சு ஸ்டாரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தப் பழக்கம் பரவத் தொடங்கியது அமெரிக்காவில், 1990களின் நடுவில். இபே என்ற இணைய ஏலச்சந்தை 1995இல் வந்தது. முகம் தெரியாத ஒருவர் பழைய கேமரா விற்கிறார். முகம் தெரியாத இன்னொருவர் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பணம் அனுப்புகிறார். பொருள் வந்து சேருமா? அதைத் தொடங்கிய பியர் ஒமிடியார் அடுத்த வருஷமே ஒரு வழி செய்தார். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி மற்றவர், எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்கலாம். ஜாமீன் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. நாலு பேர் எழுதிய நாலு வரியை நம்பித்தான் வியாபாரம். நடக்காது என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். நடந்தது.

சரி, இந்த நட்சத்திரத்தால் கல்லாவில் எவ்வளவு விழுகிறது? ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா 2011இல் இதற்கு ஒரு பதில் சொன்னார். அவர் எடுத்துக்கொண்டது சியாட்டில் நகரத்து உணவகங்களை. அவற்றின் வருமானக் கணக்கு மாநில வரித்துறையிடம் இருந்தது. நட்சத்திரக் கணக்கு யெல்ப் என்ற தளத்தில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று தெரிந்தது.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: நன்றாகச் சமைத்தால் நட்சத்திரமும் கூடும், கூட்டமும் கூடும், இதில் நட்சத்திரத்தின் வேலை என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. லூக்கா அதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த நாட்களில் யெல்ப் தளம் சராசரியை அப்படியே காட்டாது, அரை நட்சத்திரக் கணக்காக்கித்தான் காட்டியது. ஒரு கடையின் சராசரி 3.24 என்றால் மூன்று நட்சத்திரம். 3.25 என்றால் மூன்றரை. இந்த இரண்டு கடைகளுக்கும் சமையலில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? ஒன்றுமில்லை. ஆனால் கோட்டைத் தாண்டிய கடையின் வருமானம் துள்ளியது. ரசத்தில் உப்பு மாறவில்லை, பரிமாறுகிறவர் மாறவில்லை, திரையில் அரை நட்சத்திரம் மாறியது. காசு வந்தது.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த ஏற்றம் ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்குக் கிடைக்கவில்லை. தனிக்கடைகளுக்கு மட்டும்தான் கிடைத்தது. காரணம் எளிது. பெரிய கம்பெனிக் கடைக்குள் நுழைகிறவர் எதற்காக நுழைகிறார்? ருசி பிரமாதம் என்றா? எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஏமாற்றம் இருக்காது என்றுதான். அந்தத் தைரியத்தைச் சந்துக்குள் இருக்கும் ஒரு மெஸ்ஸுக்கும் நாற்பது பேர் எழுதிய குறிப்பு கொடுத்துவிடுகிறது. யெல்ப் பரவிய பகுதிகளில் கிளைக்கடைகளின் சந்தைப் பங்கு குறைந்தது என்றும் லூக்கா கண்டார். கோடிக்கணக்கில் கொட்டி டிவியில் விளம்பரம் செய்ய முடியாத சின்னக் கடைக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? மார்க்கெட்டிங் என்று ஒரு துறை வைத்துக்கொள்ளாமலே அவர் பேர் வெளியூர்க்காரர் கண்ணில் படுகிறது. இந்த நன்மையைச் சொல்லாமல் இணையத்தைத் திட்டுவது சரியில்லை.

ஆனால் அரை நட்சத்திரத்துக்கு இத்தனை மதிப்பு என்றால், அதைத் திருடவும் ஆள் கிளம்பத்தானே செய்யும்? அதே லூக்கா, ஜார்ஜியோஸ் ஜெர்வாஸ் என்பவரோடு சேர்ந்து பாஸ்டன் பகுதி உணவகங்களை ஆராய்ந்தார். 2016இல் வந்த அந்தக் கட்டுரையின்படி, வந்த குறிப்புகளில் சுமார் 16 சதவீதத்தை யெல்ப் தளமே சந்தேகப்பட்டு ஒதுக்கி வைத்திருந்தது. யார் பொய் எழுதுகிறார்கள் என்பதுதான் சுவாரசியம். பேர் இன்னும் ஊன்றாத கடை, சமீபத்தில் திட்டு வாங்கிய கடை, இவை தம்மைத்தாமே புகழ்ந்துகொள்கின்றன. பக்கத்திலேயே அதே வகைச் சமையலில் போட்டிக்கடை இருந்தால், பொய்ப் புகாரும் கிளம்புகிறது. எதிர்க்கடைக்காரன் சாம்பாரில் பல்லி விழுந்தது என்று கிளப்பிவிடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. இப்போது அதற்கு ஊர் சுற்ற வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பொய் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். லண்டன்காரர் ஊபா பட்லர். பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர். ஒரு காலத்தில் இவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? தான் சாப்பிடவே செய்யாத உணவகங்களைப் பற்றி, குறிப்புக்குப் பத்து பவுண்டு கூலிக்கு, டிரிப் அட்வைசர் தளத்தில் புகழ்ந்து எழுதுவது. 2017இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பொய்க் குறிப்பு எழுத முடிகிறது, ஒரு பொய்க் கடையே நடத்த முடியாதா?

அவர் குடியிருந்தது தெற்கு லண்டனில் டல்லிச் பகுதியில், ஒரு தோட்டத்துக் கொட்டகையில். அதையே அந்தத் தளத்தில் ஹோட்டலாகப் பதிவு செய்தார். ஒரு மலிவு போன் வாங்கினார், ஓர் இணையப் பக்கம் போட்டார். சரியான விலாசம் கொடுக்காமல் தெருப் பேரை மட்டும் போட்டு, ‘முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்’ என்றார். சாப்பாட்டு வகைகளுக்கு அன்பு, ஆசை என்று மனநிலைகளின் பேர் வைத்தார். படங்கள் வேண்டுமே? சவரம் செய்யும் நுரையை எடுத்து, கழிவறையில் போடும் வில்லையை எடுத்து, மேலே சாயம் பூசிப் பதார்த்தம் மாதிரி அலங்கரித்துப் படம் எடுத்தார். ஒரு படத்தில் தட்டில் இருப்பது அவருடைய குதிகால். நண்பர்கள் ஆளுக்கொரு குறிப்பு எழுதினார்கள். தொடங்கியபோது லண்டன் உணவகங்களில் அந்தக் கொட்டகைக்கு 18,149ஆவது இடம். மாதங்கள் போகப் போக மேலே ஏறியது. போன் அடிக்க ஆரம்பித்தது. அவர் ஒவ்வொருவரிடமும், ‘மன்னிக்கணும், இடமில்லை’ என்றார். இடமில்லை என்று சொல்லச் சொல்லக் கேட்பவர்கள் கூடினார்கள். 2017 நவம்பரில் லண்டனின் முதலிடம் அந்தக் கொட்டகைக்கு.

அதற்குப் பிறகு ஓர் இரவு நிஜமாகவே கடை திறந்தார். கடையில் விற்கும் மலிவான தயார் உணவை வாங்கி, சூடாக்கி, மேலே ஏதோ தழையைத் தூவிக் கொடுத்தார். வந்தவர்களில் சிலர் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு தடவை வரலாமா என்று கேட்டார்களாம். ஏமாற்றியவரைப் பார்த்துச் சிரித்துவிடலாம். ஆனால் முதலிடம் என்ற எண்ணை, சாப்பிட்டவர்களின் நாக்கும் நம்பியது பாருங்கள், அதுதான் என்னைக் கொஞ்சம் கலங்க வைக்கிறது.

நம்மிடம் இந்தப் பொய்க் குறிப்பு வியாபாரம் இன்னும் எளிய வேஷத்தில் வருகிறது. ஆன்லைனில் வாங்கிய சாமான் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன அட்டை: ஐந்து நட்சத்திரம் போட்டு, அதைப் படம் பிடித்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள், பணம் திருப்பித் தரப்படும். இப்படிக் குறிப்பு எழுத ஆள் பிடிப்பதற்கென்றே ஃபேஸ்புக்கில் குழுக்கள் உண்டு. 2022இல் அமேசான் நிறுவனம் அப்படிப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களை நடத்தியவர்கள் மேல் வழக்குப் போட்டது. பத்தாயிரம் என்றால் அது ஒரு தொழில்தான்.

சட்டம் என்ன செய்கிறது? இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணையக் குறிப்புகளுக்கென்றே ஒரு தரம் கொண்டுவந்தது. எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து எழுத வைத்ததை வெளியிடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் விருப்பம் இருந்தால் பின்பற்றலாம் என்று விட்டார்கள். விருப்பப்பட்டுத் திருந்துகிறவருக்குத் தரம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதியில், தெரிந்தே பொய்க் குறிப்பை விற்றாலோ வாங்கினாலோ ஒவ்வொரு மீறலுக்கும் ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் அபராதம் போட முடியும். பிரபலங்கள் விஷயத்தில் நம் நாடு கொஞ்சம் கண்டிப்பு. காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைக் காட்டினால், இது விளம்பரம் என்று பளிச்சென்று சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை.

சட்டம் கடுமையாகும்வரை நாம் இந்தக் குறிப்புகளை எப்படிப் படிப்பது? நட்சத்திரம் போடுகிறவர்களில் ரொம்பச் சந்தோஷப்பட்டவர்களும் ரொம்பக் கோபப்பட்டவர்களும்தான் அதிகம். ‘பரவாயில்லை’ என்று நினைத்தவர் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அதனால் ஐந்தும் ஒன்றும் குவிந்து கிடக்கும், நடுவில் ஆள் குறைவு. நான் அந்த நடுவில் இருக்கும் மூன்று நட்சத்திரக்காரர்களைத் தேடிப் படிப்பேன். ‘இட்லி நல்லா இருந்துச்சு, சட்னி ரெண்டாவது தடவை கேட்டா முகம் சுளிக்கிறாங்க’ என்று எழுதுகிற மனிதரை நம்பலாம். காசு வாங்கியவன் சட்னியைப் பற்றிக் கவலைப்படமாட்டான்.

பேர் எண்ணாகிப் போனதால் வருகிற அடி பல நேரம் முதலாளி மேல் விழுவதில்லை. 2021 அக்டோபரில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் ஒருவர் ஜொமாட்டோ வழியாக உணவு வரவழைத்தார். ஒரு பொருள் வரவில்லை. உதவி மையத்தில் கேட்டபோது, இந்தி தேசிய மொழி, கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்ற பாணியில் பதில் வந்தது. அவர் அந்த உரையாடலைப் படம் எடுத்து ட்விட்டரில் போட்டார். ஜொமாட்டோவைப் புறக்கணிப்போம் என்ற குரல் நாடு முழுக்கக் கேட்டது. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது, கோவையில் தமிழ் உதவி மையம் அமைத்து வருவதாகச் சொன்னது, பதில் சொன்ன ஊழியரை வேலையை விட்டு நீக்கியதாகவும் அறிவித்தது. சில மணி நேரத்தில் தலைமை அதிகாரி தீபிந்தர் கோயல் அவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்வதாக எழுதினார். கேட்டவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பதிலை எழுதிய ஊழியருக்கு இந்தி தேசிய மொழி இல்லை என்பதைச் சொல்லிக்கொடுக்காத பயிற்சியும், தமிழில் பதில் சொல்ல ஆள் வைக்காத ஏற்பாடும் யாருடைய பொறுப்பு? வேலை போனது, கொஞ்ச நேரத்துக்கு என்றாலும், அந்த ஒருவருக்குத்தான்.

நட்சத்திரம் போடும்போதும் அதுதான் நடக்கிறது. கார் ஓட்டி வருகிறவர், வீட்டுக்கு வந்து ஏசி பழுது பார்க்கிறவர், அழகுக்கலைப் பெண்கள், இவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரு சராசரி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சராசரி கம்பெனி வைத்த அளவுக்குக் கீழே போனால், வேலை வருவது குறையும். சில செயலிகளில் கணக்கையே முடக்கிவிடுவார்கள். மழையில் தாமதமானதற்கும், செயலி தப்பான தெருவைக் காட்டியதற்கும் நாம் போடுகிற இரண்டு நட்சத்திரம் அந்தக் கம்பெனிக்குப் போவதில்லை, வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறவர் கணக்கில் ஏறுகிறது. இன்னொன்று. நமக்குப் பள்ளிக்கூடப் பழக்கம்: ஐந்துக்கு நாலு என்றால் எண்பது மார்க், நல்ல மார்க். மனசு நிறைந்துதான் நாலு போடுகிறோம். சில செயலிகளின் கணக்கில் நாலரைக்கு மேல் இருந்தாக வேண்டும். அங்கே நாலு என்பது புகார்.