கடல் கடந்து செல்லும் கையெழுத்து

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



விழா மேடையில் நின்று முத்திரையையும் சாட்சிப்பத்திரத்தையும் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். திருமுறையைப் பற்றி யாதேனும் சொல்லுவார் என்று வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நம் தீவுகளில் ஒரு பிள்ளையாவது பிறநாட்டில் இல்லாத வீடு இன்று அருமை. தாய் ஊர்காவற்றுறையில், மகன் தொரன்ரோவில், மகள் பாரிசில் என்றிருக்கும் குடும்பத்துக்குக் காணி விற்கவும், விவாகம் எழுதவும், பெற்றாரைத் தம்மிடம் அழைக்கவும் ஒரு கடதாசி கடல் கடந்து போகவேண்டியிருக்கிறது. அஃது அங்கே செல்லுபடியாகுமா என்பதே கேள்வி.

செல்லாமற் போவதற்குக் காரணம் மிக எளிது. வேலணைப் பிரதேச செயலகத்துப் பதிவாளரின் கையொப்பத்தை நாம் அறிவோம். கனடாவிலிருக்கும் உத்தியோகத்தர் அறியார். ஆகையால் அவர் அறிந்த ஒருவர், “இக்கையொப்பமும் முத்திரையும் மெய்யானவை” என்று சொல்லவேண்டும். பதிவாளரின் கையொப்பத்துக்கு நமது வெளிநாட்டமைச்சின் கொன்சியுலர் பிரிவு சாட்சி; அந்தப் பிரிவின் முத்திரைக்கு, வேண்டியவிடத்து, பத்திரம் போகும் நாட்டின் தூதரகம் சாட்சி. ஒரு கையெழுத்துக்கு அடுத்த கையெழுத்துப் பிணை நிற்கும் சங்கிலி இது. அத்தாட்சிப்படுத்துதல் என்பது இவ்வளவே.

இதில் ஒன்றை நம்மவர் பலர் பிழையாக விளங்கிக்கொள்ளுகிறார்கள். சிவப்பு முத்திரை விழுந்துவிட்டால் பத்திரத்திலுள்ளதெல்லாம் உண்மையென்று அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது என நினைக்கிறார்கள். அப்படியன்று. முத்திரை கையொப்பத்துக்கு மாத்திரமே சாட்சி. உள்ளே எழுதியிருப்பதற்கு அன்று. பொய்யான சத்தியக்கடதாசி பத்து முத்திரை பெற்றாலும் பொய்யே.

முதியோர்களுக்கு இது புதிய சங்கதி அன்று. மலாயாவில் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் உழைத்து இளைப்பாறி ஊர் திரும்பிய பென்சன்காரர், தாம் உயிரோடிருப்பதற்குச் சமாதான நீதவானிடம் கையொப்பம் பெற்று அனுப்பியதை அவர்கள் கண்டிருப்பார்கள். ஆள் திண்ணையிலே சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தாலும், கடதாசி போய்ச் சேராவிட்டால் அங்குள்ள கணக்கில் அவர் உயிரோடில்லை!

இந்தச் சங்கிலியைச் சுருக்குவதற்கு 1961ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் தேதி ஒல்லாந்திலே ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதிற் சேர்ந்த நாடுகளுக்கிடையே ‘அப்போஸ்டில்’ என்னும் ஒரேயொரு சான்று போதும். தூதரகப் படி ஏறவேண்டியதில்லை. இந்தியாவில் அது 2005இலும் கனடாவில் 2024 சனவரியிலும் நடைமுறைக்கு வந்தது. கனடா சேர்ந்த அவ்வேளையிலும் இலங்கை அதில் இருக்கவில்லை. ஆதலின், இந்தியாவிலுள்ள உறவினர் ஒரு முத்திரையோடு முடித்த காரியத்துக்கு நம்மவர் நீண்ட வழியால் நடந்தார்கள். பத்திரம் எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டார் என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் விசாரித்த பின்பே காசு கட்டுங்கள்.

நீண்ட வழி என்றது உவமைக்கு அன்று. நெடுந்தீவார் ஒருவர் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் சேர்ந்து, அதன்பின் கொழும்புக்குப் போய், விடிய வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழையென்றால் திரும்ப அதே கடல், அதே வழி. யுத்த காலத்தில் அந்த வழியும் அடைபட்டுக் கிடந்ததைச் சொல்லவேண்டியதில்லை. 2018இல் யாழ்ப்பாணத்தில் பிராந்தியக் கொன்சியுலர் அலுவலகம் திறக்கப்பட்டமை நம்மவருக்குப் பெரிய ஆறுதல். இதற்குப் பின்னும் தரகருக்குப் பணங்கொடுத்துக் கொழும்புக்குக் கடதாசி அனுப்புவோர் உளர் என்று கேட்கும்போது எனக்கு மனவருத்தமே.

எழுத்துப் பிழை என்றேன். நமக்கென்றே வாய்த்த ஒரு தொல்லை ஊர்ப்பெயரில் இருக்கிறது. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயரையே வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம், வேலணைத் தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம். அவையெல்லாம் வழக்கொழிந்தன, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மாத்திரம் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. ஊர்காவற்றுறைக்கோ துறைமுகம் என்னும் பொருளுடைய பறங்கிச் சொல்லிலிருந்து கேய்ற்ஸ் என்ற பெயர். இதனால் என்ன நடக்கிறது? தமிழ்ப் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் நெடுந்தீவு, கடவுச்சீட்டில் டெல்ஃப்ற். ஒல்லாந்திலும் டெல்ஃப்ற் என்று ஒரு நகரம் உண்டல்லவா? பிறநாட்டு உத்தியோகத்தர் இரண்டையும் வைத்துப் பார்த்துச் சந்தேகங்கொள்வது இயல்பு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதும்படி கேளுங்கள். ஆட்பெயரும் அப்படியே. தகப்பன் பெயர் பாடசாலை இடாப்பில் ஒரு விதமாகவும் விவாகப் பதிவில் வேறொரு விதமாகவும் ஆங்கிலத்தில் இருந்தால், முத்திரை பெற முன்னரே திருத்துங்கள். முத்திரை பெற்ற பின்பு திருத்தினால் அத்தனையும் மறுபடி தொடக்கம்.

இனி அங்கிருந்து இங்கு வரும் பத்திரம். பெரிய வழக்குகள் இதிலேதான் விளைகின்றன. காணியை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதினாலன்றிச் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டம். வெளிநாட்டிலிருப்பவர் வரமுடியாவிட்டால் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பார். அதை அந்த நாட்டிலுள்ள நமது தூதரகத்திலோ கொன்சல் அலுவலகத்திலோ உறுதிப்படுத்தி அனுப்பவேண்டும். இங்கே 1902ஆம் ஆண்டுச் சட்டப்படி பதியவேண்டும். 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது; பழைய நகலைப் பார்த்து எழுதாமல் நொத்தாரிசைக் கேட்டே எழுதுவியுங்கள்.

இவ்விடத்தில் அயலில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். “என் சகல ஆதனங்களையும் விற்கவும் ஈடு வைக்கவும்” என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடாதீர்கள். எந்தக் காணி, எத்தனை பரப்பு, விற்கவா, குத்தகைக்குக் கொடுக்கவா, எக்காலம் வரை என்று எழுதுங்கள். கொன்சல் அதிகாரி உங்கள் கையொப்பத்தைச் சரிபார்ப்பார். உங்கள் புத்தியைச் சரிபார்க்கமாட்டார். வேறொன்று: கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அன்றே இறந்துபோகும். தகப்பன் லண்டனில் காலமானதை மறைத்து, பழைய தத்துவத்தைக் காட்டி இங்கே உறுதி முடித்தால், வாங்கியவனுக்கு மிஞ்சுவது வழக்கு.

தேசவழமைக்கு உட்பட்ட நம் பெண்களுக்கு ஒரு தனிச் சங்கடமும் உண்டு. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமை, முதுசச் சட்டம், மனைவி தன் சொந்த அசையாத ஆதனத்தை உயிரோடிருக்கையில் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்று விதித்தது; மரணசாசனத்தால் எழுதச் சம்மதம் வேண்டியதில்லை. சீதனக்காணி அவளுடையது, ஆனால் அவன் ஒஸ்லோவில் இருந்தால் அவன் கடதாசி வரும்வரை அவள் காத்திருக்கவேண்டும். கணவன் இருக்குமிடமே தெரியாதவளின் நிலை என்ன? மாவட்ட நீதிமன்றத்தை அணுகி அனுமதி கேட்க அச்சட்டத்திலேயே வழியுண்டு. காணாமற்போனவர் பற்றி, மரணம் என்று எழுதாமலே ஒரு சான்றிதழ் பெறுவதற்கு 2016இல் சட்டஞ் செய்தார்கள். அவர் இறந்தார் என்று கையொப்பமிட மனம் இடங்கொடாத தாய்மாரும் மனைவிமாரும் இந்தத் தீவுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் சட்டம் பேசப் போகிறவர்கள் மெதுவாகப் பேசவேண்டும்.

கடைசியாக, “இடப்பெயர்வில் உறுதி தொலைந்தது, எல்லாம் முடிந்தது” என்று கைவிட்டிருப்பவர்களுக்கு. நொத்தாரிசு ஓர் உறுதி முடித்தால் மூலம் வாங்கியவரிடம் போகும். இரட்டைப்பிரதி காணிக் கந்தோருக்குப் போகும். மற்றொரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். ஆகவே வீட்டிலிருந்தது எரிந்தாலும் மற்ற இரண்டில் ஒன்று தப்பியிருக்கலாம். காணிக் கந்தோரில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்தால் மேற்சொன்ன சங்கிலியில் அதையும் ஏற்றலாம். தேடுவதற்கு உறுதியின் இலக்கம், தேதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் பெரிதும் உதவும். இவை வீட்டிலுள்ள முதியோர் நினைவில் மாத்திரம் இருப்பதே வழக்கம். வாலிபர்களே, இன்றிரவு விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் அப்பாச்சியிடமும் அம்மப்பாவிடமும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.